அம்மாச்சியுடன் தார் பாலைவனத்தில் ஆறு நாள்

முதல் நாள், டிசம்பர் 24
அகமதாபாத் – ஜோத்பூர்

"பாலைவனத்துக்கா? அங்க எதுக்கு மாப்பிள்ளை காசு செலவழிச்சுப் போகணும்? நம்ம ஊரே அப்படித்தான கெடக்கு."

என் வீட்டுக்காரர் மேப்பை விரித்து வைத்து ஒரு மணி நேரம் விளக்கியதற்கு அம்மாவின் பதில் இதுதான். அம்மாவுக்குக் கமுதிப் பக்கம் ஒரு கிராமம். பிள்ளைகளின் குளிர்கால விடுமுறைக்காக அகமதாபாத், மணிநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தனியாக விட்டுப்போக முடியாது என்பதால் அவளும் வண்டியில் ஏறினாள். பிள்ளைகளுக்கு அம்மாச்சி வந்தாலே போதும், ஒட்டகம்கூட இரண்டாம் பட்சம்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார், கம்பளிகள், பொடி தடவிய இட்லி, ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. இத்தனைக்கும் நடுவில் அம்மாவின் எவர்சில்வர் பில்டரும் கால் கிலோ காபித்தூளும். "போற எடத்துல என்னத்தக் கலக்கிக் குடுப்பானோ" என்கிறாள்.

பாலன்பூர், அபு ரோடு, சிரோஹி, பாலி வழியாக 450 கி.மீ. நல்ல சாலை, அதனாலேயே எழுத அதிகமில்லை. பாலியைத் தாண்டியதும் சின்னவன், "மணல் எங்கேம்மா?" என்று ஆரம்பித்தான். எட்டு வயதுக்காரனுக்குப் பாலைவனம் என்றால் மணல்மேடு, ஒட்டகம், ஒரு பேரீச்ச மரம். இங்கே சாலையோரமெல்லாம் ஒரே புதர். அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "சீமக்கருவேலு! இந்தச் சனியன் இங்கயுமா?"

இரவு தங்கிய விடுதியில் காபித்தூளைக் கொடுத்து வெந்நீர் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ஒரு வாய்தான். சுத்திகரிப்பு இயந்திரத் தண்ணீராம். "செத்த தண்ணி" என்று தம்ளரைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள், டிசம்பர் 25
ஜோத்பூர்

ஜோத்பூருக்கு வருபவர்கள் முதலில் கோட்டைக்குப் போவார்கள். நாங்கள் 26 கி.மீ. தள்ளியிருக்கும் கேஜட்லி கிராமத்துக்குப் போனோம். பெரியவளின் பாடப் புத்தகத்தில் வந்த ஊர்.

கதை இதுதான். 1730இல் மகாராஜா அபய்சிங்குக்கு அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டியிருந்தது. ஆட்கள் கோடரியோடு இந்த ஊருக்கு வந்தார்கள். இது பிஷ்னோய் மக்களின் ஊர். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவர்களுக்கு மதக் கட்டளை. அம்ருதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டாள். தலை போய் மரம் பிழைத்தால் அதுவும் மலிவுதான் என்று சொன்னாளாம். வெட்டினார்கள். அடுத்து அவள் மூன்று மகள்கள். அப்புறம் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து மரங்களைக் கட்டிக்கொள்ள, மொத்தம் 363 பேர். அதன்பிறகுதான் ராஜா வெட்டுவதை நிறுத்தச் சொன்னார்.

நினைவிடத்தில் கூட்டமே இல்லை. இரண்டு மயில்கள், வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அவ்வளவுதான். பெரியவள் கைபேசியை வெளியே எடுக்கவில்லை. பதின்மூன்று வயதில் அது பெரிய விஷயம்.

அம்மா ஒரு மரத்தடியில் நின்று சின்னச் சின்ன இலையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வன்னியில்ல? மகர்நோன்பு அன்னைக்குச் சாமி அம்பு போடுமே, அந்த வன்னி." எனக்குச் சட்டென்று உறைத்தது. ராஜஸ்தான்காரர்கள் கேஜ்ரி என்பது நம் வன்னி மரமேதான். இங்கே அது மாநில மரம். இலை ஆட்டுக்கு, காய் மனிதனுக்கு, நிழலில் கம்பு விளையும். நம் ஊரில் கோயிலுக்குள் ஒன்றே ஒன்று நிற்பதைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். இங்கே வயலுக்கு வயல் நிற்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிட்டாள்.

மதியம் மெஹ்ரான்கர் கோட்டை. 1459இல் ராவ் ஜோதா தொடங்கியது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் எடுத்த முந்நூறு படங்களும் இருக்கின்றன. நானும் அம்மாவும் உள்ளே போகவில்லை. கோட்டைக்குக் கீழே ராவ் ஜோதா பாறைப் பூங்கா என்று ஒன்று உண்டு. இந்தப் பயணத்தில் அம்மாவுக்கு முதன்முதலாக உற்சாகம் வந்தது அங்கேதான்.

சீமைக்கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதற்கு ராஜ மரியாதை கொடுத்து, வெட்டுவதற்கே தடை போட்டதாம். அது சும்மா இருக்குமா? கோட்டையைச் சுற்றியிருந்த எரிமலைப் பாறை முழுக்கப் பரவிவிட்டது. 2006இல் பிரதீப் கிருஷன் என்பவர் தலைமையில் 70 ஹெக்டேருக்கு மேல் அதை ஒழிக்கக் கிளம்பியிருக்கிறார்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பாறை இடுக்கில் ஓடும் வேரை எப்படி எடுப்பது? கடைசியில் கண்ட்வாலியா என்னும் கல்லுடைக்கும் சமூகத்தாரைக் கூப்பிட்டார்கள். பாறையைத் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்தே விரிசல் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிறவர்கள். உளியும் சுத்தியலுமாக ஒவ்வொரு வேரையும் தோண்டி எடுத்து, அந்தக் குழியிலேயே பாலைவனத்துக்குச் சொந்தமான செடியை நட்டார்கள்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா, "உளியாலயா எடுத்தாக?" என்று இரண்டு தடவை கேட்டாள். எங்கள் ஊர்க் கண்மாயில் ஜேசிபி வைத்தே தோற்றுப்போன கதை அவளுக்குத் தெரியும். அப்புறம் வழியெல்லாம் அவள்தான் எனக்கு வழிகாட்டி. எருக்கு, கள்ளி, பூளை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபூளையின் அக்கா ஒருத்தி இங்கே இடுப்பளவு வளர்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறாள். அந்தப் பூவைத் தலையணையில் அடைப்பார்களாம்.

மாலையில் கடைத்தெருவில் மிர்ச்சி வடா. நம் பஜ்ஜியை மனதில் வைத்துக்கொண்டு சின்னவன் கடித்தான். பிறகு அரை லிட்டர் லஸ்ஸி ஆனது.

மூன்றாம் நாள், டிசம்பர் 26
ஜோத்பூர் – கீச்சன் – பொக்ரான் – ஜெய்சல்மேர்

விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கிளம்பினோம். எல்லோரும் என்னைத் திட்டினார்கள். ஏழரைக்குக் கீச்சன் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பலோடி ஊரை ஒட்டிய சின்னக் கிராமம் கீச்சன். குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி ஒரு வகைக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இங்கே வருகின்றன. ஊர்க்காரர்கள் குர்ஜா என்கிறார்கள். சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கற்றை. ஊர் நடுவில் வேலி போட்ட ஒரு திடல். அதில் தினமும் விடியற்காலையில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுகிறார்கள். புறாவுக்குப் போட்டதைத் தின்ன வந்த நாலைந்து கொக்குகளில் தொடங்கியதாம் இது. ஒரு வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். முதலில் சத்தம் வந்தது, பிறகு வானத்தில் ஒரு கோடு, அப்புறம் இன்னொன்று, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். முதலில் வந்தவை உடனே இறங்கிவிடாமல் ஊரையே மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திடலில் கால் வைத்தன.

"விதைநெல்லக் களவாங்குற பறவைய வெரட்டித்தான் நமக்குப் பழக்கம்" என்றாள் அம்மா. ஆனாலும் கடைசிவரை அவள்தான் நகரவில்லை.

பலோடிக்கு இன்னொரு பெருமை உண்டு. 2016 மே 19 அன்று இங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அன்றைக்கு அதுதான் இந்தியாவின் சாதனை வெயில். இன்று காலை எங்கள் பற்கள் தந்தியடித்ததை நினைத்தால் நம்பவே முடியவில்லை. வெயிலை வீணாக்காமல் இந்தப் பக்கம் பட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின்பூங்கா போட்டிருக்கிறார்கள். "எங்க கமுதியில 648" என்று பெரியவள் அம்மாச்சிக்காக இணையத்தில் தேடிச் சொன்னாள். 2016இல் கமுதி நிலையம் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்றார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் பெருமையாகத் தெரியவில்லை. "ஆடு மேச்ச எடம் போச்சு" என்றாள். இங்கேயும் மின்பூங்காக்களுக்காக வன்னி மரங்களை வெட்டுகிறார்கள் என்று பிஷ்னோய்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய நாள்தான் கேஜட்லியில் நின்றிருந்தோம். வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பொக்ரானில் அணுகுண்டு வெடித்த இடத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். 1974 மே 18இல் முதல் சோதனை, 1998 மே 11, 13 தேதிகளில் மறுபடி. இரண்டாவது முறை வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களின் கண்ணில் படாமலிருக்க விஞ்ஞானிகள் ராணுவ உடுப்பில்தான் நடமாடியிருக்கிறார்கள். அப்துல் கலாமுக்கு மேஜர் ஜெனரல் பிரித்விராஜ் என்று பெயர். வீட்டுக்காரர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் கேள்வி வந்தது: "சரி மாப்பிள்ளை, அந்த முடிய எந்தத் தொப்பிக்குள்ள அடச்சாக?"

ராமேஸ்வரத்துக்காரர் அம்மாவுக்குச் சொந்த மாவட்டம். கேட்க உரிமை உண்டு.

நான்காம் நாள், டிசம்பர் 27
ஜெய்சல்மேர் – குல்தரா – கூரி

டிசம்பர் கடைசி வாரம் ஜெய்சல்மேருக்கு வராதீர்கள். வந்தால் என்னைத் திட்டாதீர்கள். கோட்டை வாசலில் ஆட்டோவும் செல்ஃபியும் பிதுங்கி வழிகின்றன.

1156இல் ராவல் ஜெய்சல் கட்டிய கோட்டை, மஞ்சள் கல். இன்றும் மக்கள் உள்ளே குடியிருக்கிறார்கள். கடை, கோயில், துணி காயும் கொடி எல்லாமே மதிலுக்குள்தான். எனக்குப் பிடித்ததும் வருத்தியதும் ஒரே சங்கதி. எண்ணூற்றுச் சொச்சம் வருடம் நின்ற கோட்டையை இப்போது அரிப்பது தண்ணீர். அடியில் இருப்பது களிமண்ணும் இளகிய பாறையும். குடத்தில் சுமந்து வந்த காலத்தில் வீட்டுக்கு நாலு குடம் செலவானது. குழாய் வந்தது, கழிவறை வந்தது, விடுதிகள் வந்தன. சாக்கடை நீர் அடியில் ஊறி, கொத்தளங்கள் சில சரிந்தேவிட்டன. தண்ணீரில்லாத ஊரில் தண்ணீரால் இடிகிறது என்று நான் சொன்னதற்கு அம்மா, "பழக்கமில்லாத வீட்டுல வந்த பணம் மாதிரி" என்றாள்.

குல்தரா இங்கிருந்து 18 கி.மீ. ஆளில்லாத ஊர். பாலிவால் பிராமணர்கள் சுற்றியிருந்த 84 ஊர்களையும் ஒரே ராத்திரியில் காலி செய்து போனார்கள், திவான் சலீம் சிங்கின் கொடுமைதான் காரணம், போகும்போது சாபம் விட்டார்கள் என்பது கதை. தண்ணீர் வற்றியது, வரி கூடியது, அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது என்பது இன்னொரு தரப்பு. பேய் இருக்கிறதா என்று சின்னவன் ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தான். கூரையில்லாத வீடுகள், நேர்நேரான தெருக்கள். பேய்க்கு ஒளியவே இடமில்லை.

எனக்கு இடிந்த வீடுகளைவிட, வழியில் பார்த்த வயல்தான் மனதில் நிற்கிறது. சுற்றிலும் சரளைக்கல் மேடு, நடுவே பச்சைப் பசேலென்று கடலைச்செடி. கொண்டைக்கடலை. ஆண்டுக்கு 200 மி.மீ.கூட மழை பெய்யாத சீமையில், பாசனமே இல்லாமல். அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். வயலின் ஓரத்தில் நீளமாக ஒரு கரை போனது. ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தவள், "இது கம்மா. கம்மாய்க்குள்ளயே வெதச்சிருக்கான்" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். இதற்குக் கடீன் என்று பெயர், பாலிவால்கள் கைதேர்ந்த வித்தை. மேட்டில் பெய்யும் மழை சரிந்து ஓடிவர, தாழ்ந்த பக்கம் கரை போட்டு மறிக்கிறார்கள். தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கியதும், அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். நாம் கண்மாயில் தேக்கி வெளியே பாய்ச்சுகிறோம். இவர்களுக்குக் கண்மாயேதான் வயல். எங்கள் மாவட்டத்தில் 800 மி.மீ. அளவுக்கு மழை பெய்தும் கண்மாய் தூர்ந்து கிடப்பதை அம்மா நினைத்திருக்க வேண்டும். கரையில் நின்றபடியே எங்கள் ஊர்க்காரர்கள் சிலரைப் பெயர் சொல்லி ஏசினாள். அவற்றை இங்கே எழுத முடியாது.

இரவு கூரி கிராமத்தில், ஒரு குடும்பம் நடத்தும் மண் குடிசைகளில் தங்கல். கம்பு ரொட்டி, கேர்-சாங்ரி. கேர் ஒரு பாலைவனப் புதரின் காய், சாங்ரி என்பது உலர்த்திய வன்னிக்காய். கும்பிட்ட மரத்தையே சாப்பிடுவதா என்று சின்னவனுக்குச் சந்தேகம். அம்மாச்சி சாப்பிட்டதைப் பார்த்துத் தீர்ந்தது.

ஐந்தாம் நாள், டிசம்பர் 28
கூரி

இன்று பாகிஸ்தான் எல்லைப் பக்கமிருக்கும் தனோட் கோயிலுக்கும், 1971இல் டாங்குச் சண்டை நடந்த லோங்கேவாலாவுக்கும் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்கு முன்னால் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் அந்த வீட்டு அம்மா குடத்தோடு கிளம்பினார். என் அம்மாவும் பின்னால் போனாள். இவளுக்கு இந்தி தெரியாது, அவருக்கு மார்வாடி தவிர வேறெதுவும் அவ்வளவாக வராது. நான் தூக்கக் கலக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். கொல்லைக்கு அப்பால் வட்டமாகச் செம்மண் போட்டு இறுக்கிய சரிவான தரை, துடைத்துவிட்டது மாதிரி சுத்தம். நடுவில் மூடியும் பூட்டும் போட்ட தொட்டி வாய். அம்மா அந்தத் தரையின் விளிம்புக்கு வந்ததும் நின்று, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேலே ஏறினாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். என் செருப்பையும் பார்த்தார். நான் அவசரமாகக் கழற்றினேன்.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் ஊருணிக்குள் செருப்போடு இறங்க முடியாது. கால் நனைத்தால் பஞ்சாயத்தில் அபராதம். அம்மா அந்த நினைப்பில் செய்தது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தொட்டியின் பெயர் டாங்கா. மழைநீர் சரிவில் ஓடி, சுற்றியுள்ள துளைகள் வழியாக உள்ளே விழும். பாம்பு, எலி நுழையாமலிருக்கத் துளையில் கம்பி. ஏறக்குறைய 20,000 லிட்டர் பிடிக்கும், சிக்கனமாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அடுத்த மழைவரை வரும் என்றார் அந்த வீட்டுப் பெரியவர், பல் துலக்கிக்கொண்டே.

அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், இங்கே தண்ணீரில் மூன்று சாதி. வானத்திலிருந்து விழுவது பாலர் பானி. ஆழக் கிணற்றில் கிடைப்பது பாதாள் பானி, பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று, ரேஜாணி பானி. மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சம் படுகை ஓடுகிறது. பெய்த மழை அதைத் தாண்டிக் கீழே இறங்கி உப்புத் தண்ணீரோடு கலக்க முடியாமல் மணலுக்குள் ஈரமாகவே நிற்கும். அங்கே ஆள் இறங்கும் அளவுக்கு ஒடுக்கமாகக் கிணறு தோண்டினால், அந்த ஈரம் துளித்துளியாகக் கசிந்து சேரும். அதுதான் பேரி. அம்மாவுக்கு இது புதிதே இல்லை. கோடையில் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப ராத்திரி முழுக்கக் காத்திருந்தவள்.

அந்த டாங்காத் தண்ணீரில்தான் காபி போட்டாள். பில்டர், அகமதாபாத் பொடி, அந்த வீட்டு ஆட்டுப்பால். நாலு நாளாகச் சுளித்த முகம் தெளிந்தது. பெரியவருக்கும் ஒரு தம்ளர் போனது. "கசக்கிறது" என்று சொல்லிவிட்டு முழுக்கக் குடித்தார்.

இனி என் வீட்டுக்காரரின் வீரம். தனோட்டுக்குப் போகும் முன் வண்டியை மணல்மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். தார்ச்சாலையிலிருந்து நாற்பது அடிதான். முப்பதாவது அடியில் முன்சக்கரம் சுற்றியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, கோழி அடைக்கு உட்காருவது மாதிரி வண்டி மணலில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"ஏன் மாப்பிள்ளை, ஆத்து மணல்ல யாராச்சும் வண்டிய எறக்குவாகளா?"

டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தோம். கையால் மணலைப் பறித்தோம். அம்மா பிள்ளைகளை ஏவிக் காய்ந்த பூளையும் எருக்கங்குச்சியும் பொறுக்கிவரச் செய்து சக்கரத்தடியில் திணித்தாள். ஊரில் மாட்டு வண்டிக்குப் பனைமட்டை போடுவார்கள், அந்தக் கணக்கு. வண்டி இரண்டடி நகர்ந்து, இன்னும் நன்றாக உட்கார்ந்தது. பெரியவள் வீடியோ எடுத்தாள், அப்பா அழிக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்து அந்த வீட்டுப் பையன் டிராக்டரோடு வந்து கயிறு கட்டி ஐந்தே நிமிடத்தில் இழுத்துப் போட்டான். ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம், கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான். நியாயம்தான். அப்புறம் நாலு டயருக்கும் காற்றடித்து முடிக்கையில் மணி ஒன்றரை. தனோட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை.

பீரங்கி பார்க்க முடியாத சோகத்தில் சின்னவன் சாப்பிடவில்லை. அப்பா சமாதானமாக லோங்கேவாலா கதையைச் சொன்னார். 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியின் தலைமையில் அந்தச் சாவடியில் இருந்தது ஏறக்குறைய 120 பேர். எதிரே வரிசையாகப் பாகிஸ்தான் டாங்குகள். ஜெய்சல்மேரில் இருந்த ஹன்டர் விமானங்களால் இருட்டில் பறந்து அடிக்க முடியாது, விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். தாக்குப்பிடித்தார்கள். விடிந்ததும் மேலேயிருந்து பார்த்தால் டாங்குகள் பல நகர முடியாமல் நின்றன. ஏன் தெரியுமா?

"மணல்ல மாட்டிக்கிச்சா?" என்றான் சின்னவன்.

"ஆமாம். நம்ம வண்டி மாதிரியே."

"அப்ப அவங்களுக்கும் உங்க மாதிரி டிரைவராப்பா?"

சாப்பிட்டுவிட்டான்.

ஆறாம் நாள், டிசம்பர் 29
கூரி – பார்மேர் – சாஞ்சோர் – அகமதாபாத்

கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா, என் அம்மா கையில் ஒரு பை சாங்ரியும் இரண்டு லிட்டர் பாட்டில் நிறைய டாங்காத் தண்ணீரும் கொடுத்தார். பதிலுக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது? அம்மா யோசிக்காமல் காபித்தூள் பொட்டலத்தைக் கொடுத்தாள். பெரியவர் என்ன செய்யப்போகிறாரோ.

பார்மேரில் டீக்கடை. கடைக்காரர் 2006 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். பார்மேர் மாவட்டத்தில் காவாஸ் என்ற ஊரே மூழ்கியது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பாலைவனத்தில் வந்த தண்ணீர் மாதக்கணக்கில் வடியவே இல்லை. காரணம் அதே ஜிப்சம் படுகை. பேரியில் துளித்துளியாகத் தண்ணீர் கொடுப்பதும் அதுதான், வெள்ளத்தைக் கீழே விடாமல் ஏந்திக்கொண்டு நின்றதும் அதுதான். நான் சொன்னதைக் கேட்டு அம்மா ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாஞ்சோர் பக்கத்தில் சாலை ஒரு பெரிய கால்வாயைக் கடக்கிறது. நர்மதை. குஜராத்துக்குள் 458 கி.மீ. ஓடி எல்லையைத் தாண்டி 2008இல் இங்கே வந்து சேர்ந்த தண்ணீர். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்ச முடியாது, தெளிப்பு நீர்ப்பாசனம் கட்டாயம் என்ற நிபந்தனையோடுதான் விவசாயிகளுக்குத் தருகிறார்கள். கடுகு வயல்களுக்கு மேலே தண்ணீர் சுழன்று சுழன்று தெளித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இறங்கி ஆட வேண்டும் என்றார்கள். பத்து நிமிடம் விட்டோம்.

தீசா தாண்டி ஒரு தாபாவில் தாங்கமுடியாத காரம், தாங்கமுடியாத பில். ஒன்பதரைக்கு வீடு. சின்னவன் தூக்கத்திலேயே மாடி ஏறினான். வண்டியைக் கழுவ வேண்டும், மணல் எங்கெங்கோ இருக்கிறது.

கூரியிலிருந்து அந்தப் பாட்டிலை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தாகம் என்று பெரியவள் கேட்டதற்குக்கூடக் கேனிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தாள். இப்போது சமையலறையில் பில்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாகத் தெருமுனைக் கடையில் காபித்தூள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். ஆளுக்கு அரைத் தம்ளர்தானாம்.